ஆலுவா மணப்புறத்தில் திருவிழாத் தொண்டர்

கேரளத்தின் எறணாகுளம் மாவட்டத்தில், பெரியாற்றின் கரையில் அமைந்த நகரம் ஆலுவா. 2017ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கொச்சி மெட்ரோ இரயில் முதன்முதலாக ஓடத் தொடங்கியபோது, அதன் வடக்கு எல்லையாக இருந்தது ஆலுவா நிலையமே. நகரத்திற்கு எதிர்க்கரையில் ஆற்றை ஒட்டி அகன்ற மணல்வெளி ஒன்று உள்ளது. அதனை மலையாளத்தில் ‘மணப்புறம்’ என்பர். மணலும் புறமும் சேர்ந்த சொல் அது. தமிழில் எழுதினால் ‘மணற்புறம்’ என்று ஆகும். அம்மணல்வெளியில் மகாதேவர் கோயில் ஒன்று இருக்கிறது. சிவபெருமான் உண்ட ஆலகால நஞ்சோடு இணைத்து, ‘ஆலம்’, ‘வாய்’ என்னும் சொற்களிலிருந்து ஊர்ப்பெயர் வந்தது என்று மக்கள் ஒரு கதையும் கூறுவர்.

ஆண்டின் பெரும்பகுதியில் மணப்புறம் அமைதியாகக் கிடக்கும். மகாசிவராத்திரி அன்று அதன் தோற்றமே மாறிவிடும். தமிழர் மாசி என்று வழங்கும் திங்களை மலையாளிகள் கும்பம் என்பர். அத்திங்களில் வரும் சிவராத்திரிக்கு இலட்சக்கணக்கான மக்கள் ஆலுவாவிற்கு வருகின்றனர். இரவு முழுவதும் மணலில் விழித்திருந்து, நள்ளிரவிற்குப் பின்னும் விடியற்காலையிலும் ஆற்றில் மூழ்கி எழுந்து, தம் முன்னோர்க்கு எள்ளும் சோறும் படைத்து வழிபடுகின்றனர். இராமேசுவரத்தில் ஆடி அமாவாசை அன்று தமிழர் செய்யும் கடனும் இதுவும் ஏறத்தாழ ஒன்றே. இதற்கெனத் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு மணப்புறத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தற்காலிக மேடைகளுக்கு ஏற்பாடு செய்கிறது. அன்றிரவு மெட்ரோ இரயிலும் பேருந்துகளும் வழக்கமான நேரத்திற்குப் பின்னும் ஓடுகின்றன.

இக்கூட்டத்திற்குத் தனி இயல்பு ஒன்று உண்டு. சந்தைக்குச் செல்வோர் ஆளுக்கொரு கடையை நோக்கிச் செல்வர். ஆகவே கூட்டம் பரவி நிற்கும். மணப்புறத்திற்கு வருவோர் அனைவரும் ஒரே நீர்விளிம்பை நோக்கி, ஏறத்தாழ ஒரே வேளையில் நடக்கின்றனர். வந்த வழியிலேயே திரும்பவும் வேண்டும். வழியோ குறுகியது, காலடியிலோ மணல், முன்னே ஆறு, நேரமோ இருள் பிரியாத விடியற்காலை. இந்நான்கும் ஒருங்கே அமைந்த இடத்தில் ஒருவருக்கும் தீங்கு நேராமல் இருப்பது தற்செயலாக நிகழ்வதன்று. காவல்துறையினரும் தீயணைப்பு மற்றும் மீட்புத் துறையினரும் நகராட்சிப் பணியாளரும் அங்கே உழைக்கின்றனர். அவர்களோடு, ஊதியம் பெறாமல் சில மணி நேரம் ஓரிடத்தில் நின்று உதவுவோரும் உள்ளனர். அவர்களே திருவிழாத் தொண்டர். அவர்கள் செய்வது யாது, அது ஏன் தேவைப்படுகிறது என்பதையே இப்பாடம் விளக்குகிறது.

தொண்டு என்னும் பழைய சொல்

‘தொண்டர்’ என்னும் சொல் தமிழில் மிகப் பழமையானது. திருநாவுக்கரசர் கையில் உழவாரம் ஏந்திக் கோயில்களில் முளைத்த புல்லைச் செதுக்கினார் என்பதை யாவரும் அறிவர். திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள், வழிநடப்போர்க்கு நீர் வழங்கும் தண்ணீர்ப் பந்தலை அவர் பெயராலேயே அமைத்தார். இன்றும் தமிழகத்தில் திருவிழாக் காலங்களில் நீர்மோர்ப் பந்தல் அமைப்போர் பலர்.

இவற்றைவிடத் திருவிழாத் தொண்டரின் பணிக்கு நெருக்கமான ஒன்று தேரோட்டத்தில் உள்ளது. திருவாரூர் ஆழித்தேர் அலங்கரிக்கப்பட்ட நிலையில் 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் உடையது. ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுப்பர். இழுப்பவர்க்குத் தேர்ச்சக்கரம் தெரியாது. சக்கரத்தின் அருகில் இருப்பவர்க்கோ வடத்தின் முன்முனை தெரியாது. சக்கரத்தை ஒட்டியே நடந்து, தேரை நிறுத்தவும் திருப்பவும் உரிய நொடியில் மரக்கட்டையை இடுவோர் சிலர் உள்ளனர். அக்கட்டைக்கு முட்டுக்கட்டை என்று பெயர். திருச்சி ‘பெல்’ நிறுவனம் ஆழித்தேருக்கு நீரழுத்தத் தடை பொருத்திய பின்னரும் முட்டுக்கட்டை இடுவோர் இல்லாமல் தேர் நகர்வதில்லை. பேச்சு வழக்கில் ‘முட்டுக்கட்டை போடாதே’ என்பது பழிச்சொல். தேரோடும் வீதியிலோ அதுதான் உயிர் காப்பது. சொல்லுக்கு நேர்ந்த இவ்வநீதியை அக்கட்டை இடுவோர் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை.

கூட்டம் எப்பொழுது ஆபத்தாகிறது?

தரையில் ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள சதுரம் ஒன்றைச் சுண்ணக்கட்டியால் வரைந்து பார்க்கலாம். அதற்குள் இருவர் நின்றால் தாராளமாகத் திரும்பலாம். நால்வர் நின்றால் தோள்கள் உரசும். ஆயினும் நடக்க முடியும். ஐவர் நிற்கும்போது நடை தடைப்படத் தொடங்கும். எழுவர் நின்றால் நிலைமை முற்றிலும் வேறாகிவிடும். அந்நிலையில் கூட்டம் தனித்தனி மனிதராக இயங்காமல் நீர்மம் போல் அசைகிறது என்று, கூட்ட நெரிசலை ஆராய்ந்த அமெரிக்கப் பொறியாளர் ஜான் புரூயின் எழுதினார். ஒருபுறம் தள்ளினால் அந்த அசைவு அலைபோல் மறுபுறம் வரை செல்லும். ஒருவர் தம் விருப்பப்படி நிற்கவோ நகரவோ இயலாது. நெரிசலில் இறப்போர் பெரும்பாலும் மிதிபட்டு இறப்பதில்லை. மார்பு விரிந்து மூச்சு விட இடமின்றி, நின்ற நிலையிலேயே உயிர் இழக்கின்றனர்.

இங்கே ஒரு செய்தியை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். பின்னால் நிற்பவர் தீயவர் அல்லர். முன்னே என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவே. முன்னே ஒருவர் விழுந்து கிடக்கும்போது, பின்னே இருப்பவர் ‘ஏன் வரிசை நகரவில்லை?’ என்று எண்ணி ஓரடி முன்வைக்கிறார். ஆயிரம் பேர் வைக்கும் அந்த ஓரடிகள் சேர்ந்து பெருஞ்சுமையாகின்றன. ஆகவே கூட்டத்தின் நடுவே நிற்கும் தொண்டரின் முதற்பணி தள்ளுவதோ தடுப்பதோ அன்று. முன்னே உள்ள செய்தியைப் பின்னே கொண்டு சேர்ப்பதே அவர் பணி.

சிறு கணக்கு ஒன்று இதனை மேலும் தெளிவாக்கும். சமதரையில் ஒரு மீட்டர் அகலமுள்ள வழியில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 82 பேர் செல்லலாம் என்று, விளையாட்டரங்குகளின் பாதுகாப்பிற்காக இங்கிலாந்தில் வெளியிடப்படும் வழிகாட்டி நூல் கொள்கிறது. படிக்கட்டாயின் அது 66 ஆகக் குறையும். 3 மீட்டர் அகலமுள்ள பாதை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதில் நிமிடத்திற்கு 246 பேரும், ஒரு மணி நேரத்தில் 14,760 பேரும் செல்லலாம். அந்த ஒரு மணி நேரத்தில் 20,000 பேர் வந்துவிட்டால் 5,240 பேர் பாதையின் வாயிலில் காத்து நிற்பர். அவர்கள் நிற்பதற்கு 750 சதுர மீட்டர் இடமே உள்ளது என்றால், ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ எழுவர்! யாரும் ஓடவில்லை, யாரும் சண்டையிடவில்லை, ஆயினும் ஆபத்து வந்துவிட்டது. அந்த 5,240 பேரைத் தொலைவிலேயே, அகன்ற வெளியில், சிறுசிறு குழுக்களாக நிறுத்தி அனுப்பினால் ஆபத்து இல்லை. ‘இன்னும் பத்து நிமிடம் இங்கேயே நில்லுங்கள்’ என்று வாயிலுக்கு நெடுந்தொலைவில் நின்று ஒருவர் கூறும் சொற்களின் மதிப்பு இதுதான். கேட்பவர்க்கு அது எரிச்சலாகத்தான் இருக்கும்.

மணப்புறத்திற்குச் செல்லும் வழிகளுள் ஒன்று ஆற்றின் மேல் அமைந்த நடைபாலம். முன்னர் ஆண்டுதோறும் சிவராத்திரிக்கெனத் தற்காலிகப் பாலம் கட்டப்படும். இப்பொழுது நிலையான பாலம் உள்ளது. பாலம் உறுதியானது என்பதால் மட்டும் நெரிசல் நீங்கிவிடாது. பாலத்தின் நடுவே நின்று ஆற்றைப் படம் எடுக்கும் ஒருவர், தாம் அறியாமலே பாதையின் அகலத்தை ஒரு மீட்டர் குறைத்துவிடுகிறார்.

இத்தகைய துயரம் தமிழருக்கும் மலையாளிகளுக்கும் புதியதன்று. 1992ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் கும்பகோணம் மகாமகத்தில் ஏற்பட்ட நெரிசலில் ஏறத்தாழ 50 பேர் உயிரிழந்தனர். 2011ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் இரவு, மகரஜோதி கண்டு திரும்பிய சபரிமலை பக்தர்களுள் 100க்கும் மேற்பட்டோர் புல்மேட்டில் இறந்தனர். அவர்களுள் தமிழர் பலர். ஆலுவாவிற்கு மிக அருகில் உள்ளது களமசேரி. அங்குள்ள கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கில் 2023ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் இசை நிகழ்ச்சிக்கு மாணவர்கள் கூடியிருந்தனர். மழை பெய்யத் தொடங்கவே, வெளியே நின்றோர் உள்ளே செல்ல நெருங்கினர். வாயிலை அடுத்துக் கீழிறங்கும் படிகள் இருந்தன. முன்னே சென்றோர் படியில் விழ, பின்னே வந்தோர் அவர்கள் மேல் விழுந்தனர். நால்வர் இறந்தனர். மழை என்னும் எளிய காரணம் போதுமானதாக இருந்தது.

ஓரிடத்தில் ஒருவர்

தொண்டர் பலர் இருந்தால் மட்டும் பணி நடந்துவிடுமா? காந்தியடிகள் இதனைக் குறித்து எழுதியிருக்கிறார். 1901ஆம் ஆண்டு கல்கத்தாவில் நடைபெற்ற காங்கிரசு மாநாட்டிற்கு அவர் சென்றிருந்தார். அங்கே தொண்டர்கள் நிறைய இருந்தனர். ஒருவரிடம் ஒரு வேலையைச் சொன்னால் அவர் இன்னொருவரிடம் சொல்வார். அவர் மூன்றாமவரிடம் சொல்வார். வேலை மட்டும் நடக்காது. கழிப்பிடங்கள் நாறிக் கிடந்தன. அதனைச் சுட்டிக்காட்டியபோது, அது தம் வேலையன்று என்று தொண்டர் கூறினர். காந்தியடிகள் தாமே துடைப்பத்தை எடுத்துத் தூய்மை செய்தார்.

பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 1915இல் அரித்துவாரில் கும்பமேளா நடைபெற்றது. இந்திய ஊழியர் சங்கம் இருதயநாத குன்சுரு தலைமையில் அங்கே தொண்டர் படையை அனுப்பியது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த காந்தியடிகளின் பீனிக்சுக் குழுவினரும் அப்படைக்கு உதவினர். அவர்கள் ஏற்ற பணி கழிவுக் குழிகளை மண்ணிட்டு மூடுதல். மேடையோ மாலையோ இல்லாத பணி அது. ஆயினும் பெருங்கூட்டம் கூடும் இடத்தில் வாந்திபேதி பரவாமல் காத்தது அத்தகைய பணிதான். 1925ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் காந்தியடிகள் ஆலுவாவிற்கும் வந்தார். அங்குள்ள யூனியன் கிறித்தவக் கல்லூரியில் அவர் ஒரு மாங்கன்று நட்டார்.

கல்கத்தாவில் குறையாக இருந்தது தொண்டரின் எண்ணிக்கை அன்று. இன்னார்க்கு இன்ன இடம், இன்ன பணி என்னும் வரையறையே அங்கு இல்லை. இன்று எந்நாட்டிலும் திருவிழாத் தொண்டர்க்கு முதலில் கற்பிக்கப்படுவது இதுவே: ஒருவர்க்கு ஓரிடம். மாற்றாள் வந்து நின்ற பின்னரே அவ்விடத்தை விட்டு நகரலாம். நண்பர் அழைத்தாலும், தேநீர் வந்தாலும், அருகில் யானை வந்தாலும் இடம் விடுதல் கூடாது. கேரளத்துத் திருவிழாவில் மூன்றாவதாகச் சொன்னதே மிகக் கடினமானது.

இங்கிலாந்தின் கிளாசுடன்பரி இசை விழாவில் ஆக்சுபாம் என்னும் அறநிறுவனத்தின் சார்பில் 1993 முதல் தொண்டர்கள் வாயில்களில் நிற்கின்றனர். எட்டு மணி நேரத்திற்குச் சற்று மேற்பட்ட பணிமுறை மூன்றினை அவர்கள் முடித்துக் கொடுக்க வேண்டும். அவர்களுடைய உழைப்பிற்கு ஈடாக விழா அமைப்பாளர் அறநிறுவனத்திற்குப் பணம் வழங்குகின்றனர். பாட்டுக் கேட்கும் ஆசையில் பதிவு செய்துகொண்டு, விருப்பமான பாடகர் பாடும் நேரத்தில் தொலைவிலுள்ள வாயிலில் சேற்றில் நிற்க நேர்வது அவர்களிடையே வழக்கமான கதை. மணலில் நின்றாலும் சேற்றில் நின்றாலும் பணி ஒன்றே.

‘வெள்ளம்’ என்றால் என்ன?

சிவராத்திரி இரவில் மணப்புறத்து ஒலிபெருக்கி மலையாளத்தில் பேசும். அங்கே வருவோருள் தமிழரும் உண்டு. மலையாளமும் தமிழும் உடன்பிறந்த மொழிகள். எனவே பெரும்பாலும் புரிந்துவிடும். இடர் எழுவது அதனால்தான். முற்றிலும் புரியாத மொழியாயின் கேட்பவர் பிறரிடம் விளக்கம் கேட்பார். பாதி புரியும் மொழியில், புரிந்ததாக எண்ணிக்கொண்டு செயல்பட்டுவிடுவார்.

மலையாளத்தில் ‘வெள்ளம்’ என்றால் குடிக்கும் நீர். தமிழிலோ பெருக்கெடுத்து வரும் ஆற்றுநீர். நள்ளிரவில், ஆற்றங்கரையில், அரைத்தூக்கத்தில் இருக்கும் தமிழ் மூதாட்டி ஒருவரின் காதில் ‘அங்ஙோட்டு வெள்ளமுண்டு’ என்னும் குரல் விழுந்தால் அவர் என்ன எண்ணுவார்? பந்தலில் குடிநீர் கிடைக்கிறது என்பதே அதன் பொருள். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெரியாறு ஆலுவா நகருக்குள்ளேயே புகுந்ததை அறிந்தவர்க்கு அச்சம் எழுவது இயல்பே. ஆற்றுப்பெருக்கை மலையாளிகள் ‘வெள்ளப்பொக்கம்’ என்பர்.

‘பலி’ என்னும் சொல்லும் அத்தகையதே. கேரளத்தில் ‘பலியிடுதல்’ என்றால் முன்னோர்க்கு உணவு படைத்தல். தமிழ்ப் பிள்ளைகள் அச்சொல்லைக் கேட்டு ஆட்டையும் கோழியையும் தேடக்கூடும். ‘பதுக்கெ’ என்றால் மெதுவாக. தமிழில் பதுக்குதல் ஒளித்து வைத்தலாகும். ‘சாடருது’ என்றால் குதிக்காதே என்று பொருள். தமிழில் சாடுதல் கடிந்து தாக்கிப் பேசுதல். எல்லாவற்றிலும் ஆபத்தானது ‘ஓடருது’ என்னும் சொல். ஓடாதே என்பது அதன் பொருள். இரைச்சலில் அச்சொல்லின் முற்பகுதி மட்டும் காதில் விழுந்தால் ‘ஓடு’ என்பதே எஞ்சும். தமிழில் ‘ஓடாதீர்கள்’ என்று கூவினாலும் இதே இடர் உண்டு. ஆகவே பயிற்சி பெற்ற தொண்டர் எதிர்மறையாகக் கூவுவதில்லை. ‘ஓடாதீர்கள்’ என்பதற்கு மாறாக ‘நில்லுங்கள்’ என்பார். மலையாளத்தில் அது ‘நில்க்கூ’. இரண்டிற்கும் வேர் ‘நில்’ என்பதே. எவ்வளவு இரைச்சலிலும் அந்த ஓரசை இரு மொழியாளர்க்கும் ஒரே பொருளைத் தரும். வழி, படி, கை, ஆறு, மணல் ஆகியவையும் இரு மொழிக்கும் பொதுவான சொற்கள்.

வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசி வளரும் பிள்ளைகளுக்கு இவ்வேறுபாடுகள் கற்பிக்கப்படாமலே தெரியும். மட்டாஞ்சேரியிலும் கோட்டைக் கொச்சியிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பத்தார் ஒரே வாக்கியத்திற்குள் இரு மொழிகளையும் மாற்றி மாற்றிப் பேசுவர். பள்ளியில் அது சில வேளைகளில் பிழையாகத் திருத்தப்படுவதுண்டு. வழி தவறி நிற்கும் தென்காசி முதியவர் ஒருவருக்கு, ‘இடத்தோட்டு’ என்றால் ‘இருந்த இடத்திற்கு’ என்பதன்று, ‘இடப்பக்கம்’ என்பது என்று உடனே சொல்லத் தெரிந்தவர் அப்பிள்ளைகளே. ‘தாத்தா, இடது கைப் பக்கமாக வாருங்கள்’ என்னும் ஒரு தொடர், அவரை இருளில் தவறான துறைக்குச் செல்லாமல் காக்கும்.

இதே ஆலுவாவில், 1924ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், சிவராத்திரியை ஒட்டி நாராயண குரு தம் அத்துவைத ஆசிரமத்தில் அனைத்துச் சமய மாநாட்டைக் கூட்டினார். வாதிட்டு வெல்வதற்கன்று, அறிவதற்கும் அறிவிப்பதற்குமே அக்கூட்டம் என்று அங்கே எழுதி வைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த சதாசிவ ஐயர். ஆலுவாவிற்குத் தமிழர் வருவது இன்று நேற்று தொடங்கியதன்று.

நீர்விளிம்பும் காணாமற்போன குழந்தையும்

ஆற்றின் மேற்பரப்பு அமைதியாகத் தோன்றினாலும் அடியில் பள்ளங்கள் இருக்கலாம். எனவே நீராடும் எல்லையைக் காட்டத் தடுப்புகள் நடப்படுகின்றன; மீட்புப் படகுகளும் நீர்மூழ்கி வீரர்களும் ஆயத்தமாக இருப்பர். தொண்டரின் கடமை எல்லையைத் தாண்டுவோரைக் கண்டு குரல் கொடுப்பது. ஒருவர் நீரில் தத்தளித்தால், பயிற்சி பெறாத தொண்டர் ஆற்றில் குதித்தல் கூடாது. உரக்கக் கூவி மீட்புப் படையினரை அழைக்க வேண்டும். கரையில் நின்றபடியே கயிற்றை எறியலாம், கழியை நீட்டலாம், அதுவும் இல்லாவிடின் நீண்ட துணியை வீசலாம். நீரில் மூழ்குபவர் கையில் அகப்பட்டதை இறுகப் பற்றுவார். அவ்வாறு பற்றப்பட்டு, காக்கச் சென்றவரும் உடன் மூழ்கிய நிகழ்ச்சிகள் மிகப் பல. குதிக்காமல் நிற்பது கோழைத்தனம் என்று எண்ணுவோர் உண்டு. நீந்தத் தெரிந்த இளைஞரிடம் இவ்வெண்ணம் மிகுதி. ஆகவே அவர்களுக்கே இதனைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியுள்ளது.

பெருங்கூட்டத்தில் நாள்தோறும் நிகழ்வது குழந்தை பிரிதல். அழுது நிற்கும் குழந்தையைக் கண்ட தொண்டர் முதலில் அதன் கண்மட்டத்திற்குக் குனிந்து அமர்வார். நின்றபடி பேசும் பெரியவர் குழந்தைக்கு அச்சம் தருவார். சற்று நேரம் அதே இடத்தில் காத்திருப்பர். பெரும்பாலும் பெற்றோர் தேடி அங்கேயே வருவர். வராவிடின் மற்றொரு தொண்டரும் உடன்வர, குழந்தையை உதவி மையத்திற்கு அழைத்துச் செல்வர். ஒலிபெருக்கியில் குழந்தையின் பெயர், உடையின் நிறம் ஆகிய அனைத்தையும் சொல்லிவிடுதல் தவறு. கேட்பவர் எவரும் வந்து ‘என் பிள்ளை’ என்று கூறிவிடலாம் அல்லவா? ‘பிள்ளையைத் தேடுவோர் மையத்திற்கு வருக’ என்று அறிவித்து, அடையாளங்களை வந்தவர் வாயிலாகவே கேட்டறிவதே முறை. சபரிமலையில் காவல்துறையினர், பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் குழந்தையின் கையில் கட்டி அனுப்புகின்றனர். காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்து, வீட்டிலிருந்து புறப்படும்போதே இதனைச் செய்துவிடலாம்.

தொண்டர்க்கு அதிகாரம் எதுவும் இல்லை என்பதையும் கூற வேண்டும். கையில் பட்டை கட்டியதும் குரலை உயர்த்துவோரையும், ஓயாமல் சீழ்க்கை ஊதுவோரையும் திருவிழாக்களில் காணலாம். எப்போதும் ஒலிக்கும் சீழ்க்கையை, உண்மையான ஆபத்தின்போதும் எவரும் பொருட்படுத்தார். சொல் கேளாதவரைப் பிடித்துத் தள்ளத் தொண்டர்க்கு உரிமை இல்லை; காவலரை அழைக்கலாம். காரணத்தைச் சேர்த்துச் சொன்னால் மக்கள் கேட்பர். ‘அங்கே போகாதே’ என்பதைவிட, ‘அங்கே பள்ளம் இருக்கிறது அம்மா, இப்படி வாருங்கள்’ என்பது விரைவில் பயன் தரும்.

பள்ளிப் பிள்ளைகள் தடுப்புகளுக்கு அருகிலும் நீர்விளிம்பிலும் நிற்பது முறையன்று. அவை பயிற்சி பெற்ற பெரியவர்க்குரிய இடங்கள். குடிநீர் வழங்குதல், காலணிகளைக் காத்தல், முதியோர்க்கு வழி காட்டுதல், உதவி மையத்தில் மொழிபெயர்த்தல் ஆகியவற்றில் சாரணர் படையினர் ஆசிரியரின் மேற்பார்வையில் ஈடுபடலாம். கேந்திரிய வித்தியாலயங்களில் பாரத சாரண சாரணியர் இயக்கம் இயங்குகிறது. கல்லூரிக்குச் சென்றபின், 1969இல் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரலாம். வெள்ளம் முதலிய பேரிடர்களில் உதவுவதற்கென ஒன்றிய அரசு நடத்தும் ‘ஆப்த மித்ரா’ திட்டத்தில் 18 வயது நிரம்பியோர்க்கு முறையான பயிற்சி அளிக்கப்படுகிறது.

விடிந்த பின்

கதிரவன் எழுந்து, கடைசிப் பேருந்துக் கூட்டமும் கலைந்தபின் மணலில் எஞ்சுவன வாழையிலை, எள், பூ, கிழிந்த துணி, ஒற்றைச் செருப்பு. இலையும் பூவும் மட்கும். நெகிழிப் புட்டி மட்காது. கீழ்நிலத்து ஊர்களின் குடிநீர் இதே ஆற்றிலிருந்து எடுக்கப்படுவதால், தரம் பிரித்து அள்ளுவதும் பாதுகாப்புப் பணியே ஆகும். இரவெல்லாம் நின்ற தொண்டருள் சிலர் இதற்கும் எஞ்சி நிற்பர். பலர் உறங்கச் சென்றிருப்பர்.

மணப்புறத்தில் வணிகக் கண்காட்சி மேலும் சில வாரங்கள் நடைபெறும். அதன் பின் கடைகள் பிரிக்கப்படும். சூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் பெரியாறு உயரும். மணல்வெளி நீருக்குள் செல்லும். சில ஆண்டுகளில் கோயிலும் மூழ்கும். அதனை இறைவனுக்கு ஆறே செய்யும் நீராட்டு என்று கொண்டு, ‘ஆறாட்டு’ என ஊரார் மகிழ்வர். நீர் வடிந்தபின் வெளிப்படும் மணல்மேடு சென்ற ஆண்டின் வடிவத்தில் இராது. பள்ளங்கள் இடம் மாறியிருக்கும். ஆகவே அடுத்த சிவராத்திரிக்கு முன், ஆழம் அளந்து தடுப்புகளை நடும் வேலை முதலிலிருந்து தொடங்கும்.